பவர் கார்டும் பச்சை வயரும்

ஒன்றரை மீட்டர் வயர். ஒரு முனையில் பிளக், மறுமுனையில் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் சொருகுகிற சாக்கெட். விலை 8,500 ரூபாய்!

தங்கத்திலா செய்திருக்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? நானும் அதையேதான் கேட்டேன். பின்களில் கொஞ்சம் தங்க முலாம் இருக்கிறதாம். மேலே பாம்புத் தோல் மாதிரி கறுப்புப் பின்னல் உறை. கையில் எடுத்தால் நல்ல கனம். பார்க்க ஜம்மென்றுதான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது.

"செட்டுக்கு இத மாத்திப் பாரு, சவுண்டு அப்படியே தெளிஞ்சிரும்" என்று சொன்னவன் என் பெரியப்பா மகன். பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன இடத்தில் ஆடியோ கிறுக்கர்கள் நாலு பேரோடு சேர்ந்து அவனும் கிறுக்கனாகிவிட்டான். (அண்ணே, இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளாதே!)

என் கையில் ஏழாயிரத்துச் சொச்சம் இருந்தது. செமஸ்டர் லீவில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்தது. "மிச்சத்த நான் போடுறேன், வாங்கிரு" என்றான் அண்ணன். எங்கள் வீட்டில் ஏழாயிரம் சின்னப் பணம் இல்லை. அதனால் வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் கணக்குப் போட்டேன், கொஞ்சம் சோதித்தும் பார்த்தேன். அந்தக் கதைதான் இது. வீட்டில் ஆம்ப்ளிஃபயரோ ஹோம் தியேட்டரோ வைத்திருப்பவர்களுக்குப் பயன்படலாம். வைத்திருக்காதவர்களும் பாதியில் ஓடிவிடாதீர்கள், பின்பாதி உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் எங்கள் செட்டைப் பற்றி. கம்பெனி செட் எல்லாம் இல்லை, அசெம்பிள் செட். 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர், 5200-1943 ஜோடி டிரான்சிஸ்டர் போட்ட ஸ்டீரியோ போர்டு, இரும்புப் பெட்டி, முன்னால் கண்ணைக் குத்துகிற நீல விளக்கு. பின்னால் கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற பவர் சாக்கெட். தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் பாடுவது இந்த மாதிரி செட்தான்.

இந்த ஊரில் பாட்டு விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. காரணம், பண்ணைப்புரம் எங்கள் பக்கத்து ஊர். ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று 1978-ல் வந்த 'ப்ரியா'வைச் சொல்வார்கள். இளையராஜா பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அவர் பாட்டில் பேஸ் கிடார் எங்கே போகிறது, வயலின் எந்தப் பக்கம் கேட்கிறது என்று கவனிக்காமல் இருந்தால் அது தெய்வக் குற்றம். ஆகவே சவுண்டு நன்றாக வேண்டும் என்ற ஆசையில் தப்பே கிடையாது. அதற்குச் செலவு செய்யும் இடம் எது என்பதுதான் கேள்வி.

சரி, மேட்டருக்கு வருவோம்.

பவர் கார்டு வழியாகப் பாட்டு வருவதில்லை. வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. மின்சாரம். ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்ததும் டிரான்ஸ்ஃபார்மர் அதை 24 வோல்ட்டாக இறக்குகிறது. அடுத்து நாலு டயோடு சேர்ந்த பிரிட்ஜ் அதை ஒரே திசையில் திருப்பிவிடுகிறது. இப்போது நொடிக்கு 100 துடிப்புகளாக மின்சாரம் வரும். அந்தத் துடிப்பைப் பெரிய கெப்பாசிட்டர்கள் வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, டிரான்சிஸ்டர்களுக்குச் சீராகக் கொடுக்கின்றன. மாடியில் இருக்கும் தண்ணீர் டாங்க் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருக்குழாயில் விட்டு விட்டு வந்தாலும் வீட்டுக் குழாயில் சீராக வருகிறது இல்லையா, அதேதான்.

ஆக, பவர் கார்டு செய்வது தெருக்குழாயில் இருந்து டாங்குக்குப் போகும் பைப்பின் கடைசி ஒன்றரை மீட்டர் வேலை. அந்த ஒன்றரை மீட்டரை மட்டும் வெள்ளிக் குழாயாக மாற்றினால் வீட்டில் தண்ணீர் இனிக்குமா?

"அப்படி இல்ல, ரெசிஸ்டன்ஸ் கொறையும்ல?" என்றான் அண்ணன். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், பெருக்கல் தெரிந்தால் போதும்.

கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் சாதாரண கார்டில் இருப்பது பெரும்பாலும் 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி. அதன் ரெசிஸ்டன்ஸ் மீட்டருக்குச் சுமார் 0.025 ஓம். ஒன்றரை மீட்டர் போக, ஒன்றரை மீட்டர் வர, மொத்தம் 3 மீட்டர். அதாவது 0.075 ஓம். எங்கள் செட் நன்றாகச் சத்தம் வைத்தாலும் 100 வாட் இழுக்கும், அரை ஆம்பியர்கூட வராது. சரி, தாராளமாக 1 ஆம்பியர் என்றே வைப்போம். வயரில் இழக்கும் வோல்டேஜ் 0.075. இதற்குப் பதிலாக இரண்டு மடங்கு தடிமனான 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு பாதியாகும். மிச்சமாவது 0.04 வோல்ட்டுக்கும் கீழே. 230-ல் 0.04!

அண்ணன் விடவில்லை. "கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும்போது கரண்ட் சீரா இழுக்காதுடா, திடுதிடுன்னு துடிப்புத் துடிப்பா இழுக்கும். அந்த உச்சத்துலதான் நல்ல வயர் வேணும்" என்றான். அவன் சொன்னது உண்மை, அப்படித்தான் இழுக்கும். உச்சத்தில் 5 ஆம்பியர் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு வயருக்கும் வித்தியாசம் 0.2 வோல்ட்தான். அதே சமயம், மீட்டர் பெட்டியில் இருந்து எங்கள் ஹால் சுவிட்ச் போர்டு வரை சுவருக்குள் 15 மீட்டர் வயர் ஓடுகிறது. அதுவும் 1.5 சதுர மில்லிமீட்டர்தான். போக வர 30 மீட்டர், ஏறக்குறைய 0.4 ஓம். கார்டு மாற்றி மிச்சம் பிடிப்பதைப் போல பத்து மடங்கு அங்கேயே போய்விடுகிறது. அதற்கு முன்னால் போஸ்ட்டில் இருந்து வரும் சர்வீஸ் வயர், தெருக்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர்... எல்லாம் அலுமினியம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அடுத்த அஸ்திரத்தை எடுத்தான். "கரண்டுல வர்ற நாய்ஸ இந்த வயர் தடுத்துரும்." நாய்ஸை வடிகட்ட வேண்டுமென்றால் காயிலும் கெப்பாசிட்டரும் வேண்டும். வெறும் வயருக்கு வடிகட்டத் தெரியாது. மேலே சுற்றியிருக்கும் ஷீல்டுக்கு ஒரு வேலை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பவர் கார்டு பக்கத்திலேயே ஆடியோ வயரும் ஒட்டிக்கொண்டு போனால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதற்குத் தொற்றலாம், ஷீல்டு அதைக் குறைக்கும். ஆனால் இரண்டு வயரையும் ஒரு சாண் தள்ளிப் போட்டாலும் குறையும். செலவு பூஜ்யம்.

இரைச்சலை மறைப்பது என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு ஒன்று ஞாபகம் வரும். பக்கத்தில் இருக்கும் பொட்டிப்புரம் மலைதான் நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பிறகு எதிர்ப்பு, வழக்கு என்று போய் ஆய்வகம் வரவில்லை. அது வேண்டுமா வேண்டாமா என்பது தனிக் கச்சேரி, இங்கே வேண்டாம். நான் சொல்ல வந்தது, விண்வெளியில் இருந்து வரும் மற்ற துகள்களின் தொந்தரவை மறைக்க அவர்களுக்கு எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை தேவைப்பட்டது. எதைத் தடுக்கிறோம், எவ்வளவு தடுக்கிறோம் என்று அளந்து சொன்னார்கள். நம் பவர் கார்டு அட்டையில் அப்படி ஒரு எண்கூட இல்லை. "இசையின் ஆன்மாவை வெளிக்கொணரும்" என்கிற ரேஞ்சில்தான் எழுதியிருக்கிறது.

கணக்கு இருக்கட்டும், காதுக்குத் தெரிகிறதா என்பதுதானே முக்கியம்? அதையும் ஏற்கெனவே சோதித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 'சீக்ரெட்ஸ் ஆஃப் ஹோம் தியேட்டர் அண்ட் ஹை ஃபிடிலிட்டி' என்ற இணைய இதழ் 2004 டிசம்பரில் ஒரு சோதனையை வெளியிட்டது. சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கும் ஆடியோ ரசிகர் சங்கத்துக்காரர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு பக்கம் சாதாரண பவர் கார்டு. இன்னொரு பக்கம் நார்டாஸ்ட் கம்பெனியின் 'வல்ஹல்லா' கார்டு, ஒன்று 2,000 டாலருக்கும் மேல். எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டார்கள். மொத்தம் 149 பதில்கள். அதில் சரியானவை 73. அதாவது 49 சதவீதம். காசு சுண்டிச் சொல்லியிருந்தாலும் இதே அளவுதான் வந்திருக்கும். கேட்டவர்கள் நம்மைப் போல அசெம்பிள் செட் ஆசாமிகள் இல்லை, வருஷக்கணக்காகக் காதைப் பழக்கியவர்கள். இதற்கும் முன்னாலேயே, 2000-ல், 'தி ஆடியோ கிரிட்டிக்' என்ற பத்திரிகையில் பீட்டர் அக்செல் என்பவர் ஆடியோ உலகின் பத்துப் பெரிய பொய்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். முதலிடம் கேபிளுக்கு!

இதைச் சொன்னதும் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது தன்னுடைய கார்டையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோதனை. செட்டின் பின்பக்கத்தை ஒரு வேட்டி கட்டி மறைத்தோம். கார்டு மாற்றும் பொறுப்பு என் தங்கச்சிக்கு. எதைப் போடுவது என்பதை அவள் ஒரு ரூபாய்க் காசைச் சுண்டி முடிவு செய்து நோட்டில் எழுதிக்கொள்வாள். செட்டை அணைத்துவிட்டுத்தான் மாற்றுவாள். வால்யூம் குமிழில் யாரும் கை வைக்கக்கூடாது. ஒரே பாட்டு, பத்து ரவுண்டு. அண்ணன் கண்ணை மூடி உட்கார்ந்து, "இது நம்மாளு... இது உன் டப்பா வயரு..." என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

பத்துக்கு ஆறு சரி.

"பாத்தியா!" என்று துள்ளினான். உட்கார வைத்துக் கணக்கைக் காட்டினேன். காசைப் பத்துத் தடவை சுண்டினால், ஆறோ அதற்கு மேலோ சரியாக விழ நூற்றுக்கு 37, 38 வாய்ப்பு உண்டு. ஒன்பதோ பத்தோ வந்திருந்தால் நான் ஏழாயிரத்தை அங்கேயே எடுத்து வைத்திருப்பேன்.

அண்ணன் பொய் சொன்னான் என்று நான் சொல்லவே இல்லை. கனமான, அழகான, விலை கூடின பொருளை நம் கையாலேயே மாட்டிவிட்டுக் கேட்கும்போது நன்றாகத்தான் கேட்கும். முன்னைவிடக் கவனமாகக் கேட்போம், அதுவரை கவனிக்காத சலங்கைச் சத்தம் காதில் விழும். அந்தச் சந்தோஷம் நிஜம். ஆனால் அது வயரில் இருந்து வரவில்லை.

அப்பா ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர். வார நாட்களில் மலையில், ஞாயிறு மட்டும் வீட்டில். எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே வார்த்தை சொன்னார். "போடியில காயைக் கொண்டுபோய் 'இது நல்ல காய்'னு வாயில சொன்னா எவனும் வாங்க மாட்டான். சல்லடையில போட்டு எத்தனை மில்லினு பாப்பான், லிட்டர் வெயிட்டு போட்டுப் பாப்பான், நெறம் பாப்பான். ஒங்க வயருக்குச் சல்லடை இல்லையா?" எட்டு மில்லிக் காய்க்கும் ஆறு மில்லிக் காய்க்கும் விலை வேறு, அதைச் சல்லடை சொல்லிவிடும். வயருக்குச் சல்லடை மல்டிமீட்டர்தான்.

300 ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. அதை வைத்து ஒரு வாரம் எங்கள் ஹால் பிளக்கில் வோல்டேஜ் பார்த்தேன். காலை ஐந்து மணிக்கு 238. இரவு ஏழரைக்கு 196. தெரு முழுக்க லைட், மிக்ஸி, கிரைண்டர், டிவி எல்லாம் ஓடுகிற நேரம். நாங்கள் இருப்பது லைனின் கடைசிப் பக்கம். கம்பியின் நீளம் கூடக் கூட இறங்கத்தான் செய்யும்.

இதை 0.04 வோல்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்குள் 42 வோல்ட் மாறுகிறது. ஆம்ப்ளிஃபயர் அதிகபட்சம் கொடுக்கக்கூடிய பவர், வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அப்படிப் பார்த்தால் காலையில் இருந்த பலத்தில் மூன்றில் ஒரு பங்கு இரவு ஏழரைக்குக் காணாமல் போகிறது. மெதுவாக வைத்துக் கேட்டால் தெரியாது. சத்தம் கூட்டினால் டிரம்ஸ் அடி விழும் இடத்தில் கரகரவென்று உடையும். இதை என் காது கேட்கிறது, சோதனையே வேண்டாம். இதற்கு வழி, அந்த நேரத்தில் வால்யூமைக் கொஞ்சம் குறைத்து வைப்பது. இல்லையென்றால் ஸ்டெபிலைசர். பவர் கார்டு மட்டும் கிடையாது.

ராத்திரி பதினோரு மணிக்குப் பாட்டு தேன் மாதிரி இருப்பதன் ரகசியமும் இங்கே பாதி இருக்கிறது. மீதிப் பாதி, அந்த நேரத்தில் தெருவில் ஆட்டோ, ஜீப் சத்தம் இல்லாததுதான்.

இப்படி நாங்கள் வயர், வோல்டேஜ் என்று பேசிக்கொண்டிருந்தபோது, செட் வைத்திருந்த மேசையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்:

"ஏன்டா, அந்த வயரு மாத்துனா இந்த விறுவிறுப்பு போயிருமா?"

"எந்த விறுவிறுப்பும்மா?"

"பெட்டியத் துடைக்கும்போதெல்லாம் கையில விறுவிறுங்குதே. கரண்டுப் பெட்டின்னா அப்படித்தான் இருக்கும்போலன்னு விட்டுட்டேன்."

அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டெஸ்டரை எடுத்து ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியில் வைத்தேன். உள்ளே நியான் விளக்கு மங்கலாக எரிந்தது.

அண்ணனின் அப்பா, அதாவது என் பெரியப்பா, ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் குழாய் கட்டாத ஊர் இல்லை. அவரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். வந்தவர் 8,500 ரூபாய் கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சுவரில் இருந்த மூணு ஓட்டை பிளக்குக்குப் போனார். மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, ஸ்க்ரூவைக் கழற்றி போர்டை வெளியே இழுத்தார்.

மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. வீடு கட்டியபோது வயரிங் செய்தவர் இரண்டு வயரோடு முடித்துவிட்டார். மூன்றாவது ஓட்டை வெறும் அழகுக்கு!

"டேய், இவ்ளோ காசு குடுத்து வாங்குன வயருல எர்த்துக் கம்பி எம்புட்டுத் தடியா போட்டுருக்கான் பாரு" என்று தன் மகனிடம் காட்டினார் பெரியப்பா. "அது போய்ச் சேர எடத்துல ஒண்ணுமே இல்லையேப்பா."

எர்த் எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், தேர்வோடு மறந்திருப்போம். டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தும், செட்டோடு இணைத்திருக்கும் செட்டாப் பாக்ஸின் பவர் சப்ளையில் இருந்தும், எப்போதும் மிகக் கொஞ்சம் மின்சாரம் பெட்டிக்குக் கசிந்துகொண்டிருக்கும். எர்த் இருந்தால் அது பேசாமல் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால், தொடுகிற கை வழியாகப் போகும். அதுதான் அம்மா சொன்ன விறுவிறுப்பு. இது சின்ன விஷயம். என்றாவது ஒருநாள் உள்ளே இன்சுலேஷன் தேய்ந்து பேஸ் வயர் பெட்டியில் பட்டுவிட்டால்? எர்த் இருந்தால் மின்சாரம் குபீரென்று பாய்ந்து பியூஸ் போய்விடும், வேலை முடிந்தது. எர்த் இல்லையென்றால் பியூஸ் போகாது. பாட்டும் பாடும், விளக்கும் எரியும். பெட்டி மட்டும் 230 வோல்ட்டில் காத்துக்கொண்டிருக்கும். ஈரத்துணியோடு அம்மா வரும்வரை.

பெரியப்பா சொன்னார்: "மைக்கு பிடிச்சுப் பாடுறவன் ஒதட்டுல சுரீர்னு அடிச்சா அவ்ளோதான், அடுத்த பாட்டு வராது. எந்த ஊருக்குப் போனாலும் மொத வேலை ராடு அடிச்சு ரெண்டு கொடம் தண்ணி ஊத்துறதுதான். அப்புறந்தான் குழாயே கட்டுவேன்."

அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஏழாயிரம் மண்ணுக்குள் போனது, நிஜமாகவே! வீட்டுக்குப் பின்னால் குளியலறைத் தண்ணீர் போய்ச் சேரும் இடமாகப் பார்த்துக் குழி தோண்டினோம். எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். எங்கள் ஊர் மலையடிவாரம் என்றாலும் மழை மறைவுப் பக்கம், கோடையில் மண் காய்ந்து கிடக்கும். காய்ந்த மண்ணில் எர்த் சரியாகப் பிடிக்காது. அதனால் தண்ணீர் ஊற்ற மேலே ஒரு புனல். அங்கிருந்து பச்சை வயர் மெயின் போர்டுக்கு, மெயினில் இருந்து ஹால், சமையலறை, மோட்டார் பிளக்குகளுக்கு. மெயினில் ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டோம். பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மொத்தத்தையும் அணைத்துவிடும். எல்லாம் சேர்த்து என் சேமிப்பில் சில்லறைதான் மிஞ்சியது. அதில் 250 ரூபாய்க்கு ஒரு பவர் கார்டும் வாங்கினேன்!

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எர்த் கொடுத்த அன்று ஸ்பீக்கரில் லேசாக 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் வந்தது. செட் ஒரு பிளக்கில், டிவியும் செட்டாப் பாக்ஸும் எதிர்ச் சுவரில் இன்னொரு பிளக்கில். எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வளையமாகிவிட்டால் அப்படித்தான் இரையும். நிறையப் பேர் இந்த இடத்தில் எர்த் பின்னை உடைத்துவிடுவார்கள், ஹம் போய்விடும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே போர்டில் சொருகினோம், ஹம் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

இனி பவர் கார்டு வாங்கப் போகிறவர்களுக்கு:

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பிளக்கிலும் வயரிலும் பாருங்கள். வயர் மேலேயே எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று அச்சடித்திருக்க வேண்டும். சாதாரண செட்டுக்கு 0.75 போதும். பெரிய ஆம்ப்ளிஃபயர் என்றால் 1 அல்லது 1.5. பழைய ஆட்கள் 23/36, 40/36 என்று கேட்பார்கள். முதல் எண் எத்தனை இழை என்பது, இரண்டாவது இழையின் கேஜ். இழை கூடினால் தடிமன் கூடும்.

2. மூன்று கோர் இருக்க வேண்டும். பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பிளக்கில் மூன்று பின் இருந்தும் உள்ளே இரண்டு வயர்தான் என்றால் அதைக் கையால்கூடத் தொடாதீர்கள்.

3. கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்பு பூசிய அலுமினியம். ரெசிஸ்டன்ஸ் கூடுதல், சூடாகும், வளைத்தால் சீக்கிரம் ஒடியும்.

4. சொருகினால் இறுக்கமாக நிற்க வேண்டும். லூசாக ஆடும் பிளக் கரகர சத்தம் தரும், தீப்பொறியும் வரும். கார்டு மாற்றியதும் சவுண்டு தெளிந்தது என்று சிலர் சொல்வதற்கு இதுதான் காரணமாக இருக்கும். பழையது லூசாக இருந்திருக்கும்.

5. இடி மின்னல் நேரத்தில் எந்தக் கார்டாக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பிளக்கில் எர்த் பின் மட்டும் மற்ற இரண்டைவிட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். அதற்காகத்தான் அந்த நீளம். தடிமன், அது வேறு ஓட்டைக்குள் தவறிப் போகாமல் இருக்க. இவ்வளவு யோசித்துச் செய்த பின்னுக்குப் பின்னால் வயரே இல்லாமல் எத்தனை வீடுகள் இருக்கும் என்று நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது. பெரியப்பா அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஆறு வீட்டில் பார்த்தார். நாலு வீட்டில் இல்லை.

எங்கள் செட் முன்னைவிட நன்றாகப் பாடுகிறதா? இல்லை, அப்படியேதான் பாடுகிறது. அண்ணன் தன் கார்டை பெங்களூருக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டான். போனதும் முதல் வேலையாகத் தன் வாடகை வீட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்தானாம். இருந்ததாம்.

உங்கள் வீட்டிலும் ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்து அந்த மூன்றாவது ஓட்டையைப் பார்த்துவிடுங்கள் மக்களே. நீங்களாகவே போர்டைக் கழற்ற வேண்டாம். அதற்கு முன்னால் வீட்டில் துடைக்கிறவர்களிடம், பெட்டியைத் தொட்டால் விறுவிறு என்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.